மூன்று மழை தாங்கிய ரோஜா

யுத்தம் வந்து கப்பல்களை நிறுத்தியதும் நிறுத்தியது, என் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள். கந்தகம் கிடைக்கவில்லை, மயில்துத்தம் கிடைக்கவில்லை, பெங்களூரில் பாதி வீட்டு ரோஜாச் செடிகள் இலையில் கரும்புள்ளி விழுந்து மொட்டையாக நிற்கின்றனவாம். "சூசை அண்ணே, மருந்தே இல்லாம உசுரோட இருக்கற ரோஜா எதெதுன்னு ஒரு லிஸ்டு எழுதிக் குடுங்க" என்று நான் வேலை பார்த்த நர்சரியிலிருந்தே ஆள் வந்து கேட்கிறார்கள். அடேயப்பா! மருந்து டப்பா சுலபமாகக் கிடைத்த நாளில் ஒருவருக்கும் என் ஞாபகம் வரவில்லை.

லிஸ்டு என்ன பெரிய லிஸ்டு? பன்னீர் ரோஜா வையுங்கள். எட்வர்ட் ரோஜா வையுங்கள். கொத்துக் கொத்தாகப் பூக்கிற சின்னச் சிவப்பு ஏதாவது வையுங்கள். இலை தடிப்பாக, எண்ணெய் தடவின மாதிரி பளபளவென்று இருக்கிற செடியாகப் பார்த்து வாங்குங்கள். காலை வெயில் படுகிற இடத்தில், செடிக்குச் செடி இரண்டு முழம் விட்டு நடுங்கள். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், தலையில் அல்ல. ரோஜாவுக்கு என்ன தீபாவளியா, எண்ணெய்க் குளியல் நடத்த? உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். முட்டைக்கோஸ் அளவுப் பூ வேண்டும் என்கிறவர்கள் என்னிடம் வர வேண்டாம். லிஸ்டு முடிந்தது.

ஆனால் இந்த லிஸ்டு எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் பிரயோஜனம் இல்லை. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் கை கூசும்.

நான் செடி வேலைக்கென்று பிறந்தவன் இல்லை. பட்டாளத்துக் குதிரை லாயத்திலிருந்து அலசூர் ஏரிப் பக்கத்து நர்சரிக்குச் சாணி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகிவிட்டது. ஒரு நாள் சாணியை இறக்கிவிட்டு, ஒரு தொட்டியைத் திருப்பி வெயில் பக்கம் வைத்தேன். "வண்டிய வேற யாராவது ஓட்டட்டும், நீ இங்க இருந்துடு" என்று முதலாளி சொன்னார். அவ்வளவுதான். ஒரு செடியின் மொட்டுக்கண்ணை இன்னொரு செடியில் ஒட்டக் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம், ஒட்டின கண் பிடிக்க இன்னொரு வருஷம். அதைப் பற்றி விவரமாக எழுதினால் எனக்கே தூக்கம் வந்துவிடும்.

முதலாளி பெயர் சபாபதி முதலியார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். அவருடைய அப்பா, தாத்தா எல்லாம் மைசூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர்கள்; இவர் மட்டும் மண்ணில் கை வைத்தார். செடி விற்க உட்கார்ந்தவர், செடி கொடுக்காமல் அனுப்பினவர்கள்தான் அதிகம். மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு வக்கீல் வந்து மஞ்சள் கொடி ரோஜா வேண்டும் என்றார்.

"கொடுக்கறேன் சார். சொல்ப இருங்க. தண்ணி யார் ஊத்தறாங்க?" என்று கேட்டார் முதலியார்.

"சமையக்காரன்."

"எப்ப?"

"ராத்திரிச் சமையலுக்கு முன்னாடி, பாத்திரம் கழுவிட்டு."

"அப்ப ரோஜா வேணாம் சார். ஒரு கறிவேப்பிலைக் கன்னு தரேன், எடுத்துட்டுப் போங்க."

வக்கீலுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் கறிவேப்பிலைக் கன்றை எடுத்துக்கொண்டுதான் போனார்.

முதலியாருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். குனிந்து களை பிடுங்க ஆரம்பித்துவிடுவார். அவர் குனிந்தாலே, இன்றைக்கு யாருக்கோ சீட்டுக் கிழிந்தது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

நர்சரியின் மூலையில், ஏரிக் காற்று ஈரமாக வீசுகிற இடத்தில், பத்து மணி வரைக்கும் வெயில் வராத ஒரு பாத்தி இருந்தது. அதற்கு 'மூணு மழைப் பாத்தி' என்று பெயர். சீமையிலிருந்து எந்தப் புது ரோஜா வந்தாலும், ஒட்டுக்கட்டி முதலில் அங்கேதான் நடுவார். அந்தப் பாத்தியில் மருந்து என்ற பேச்சே கிடையாது. கந்தகத் தூள் இல்லை, புகையிலைத் தண்ணீர் இல்லை. போதாததற்கு, நோய் வந்த செடிகளின் புள்ளி இலைகளைக் கூடையில் கொண்டுவந்து அந்தப் பாத்தியில் தூவச் சொல்வார். "விருந்தாளி வரட்டும், எப்படி உபசரிக்குதுன்னு பாக்கலாம்" என்பார்.

மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு செடிக்கும் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கீழேயிருந்து இலைகளை எண்ணுவார். பாதிக் கொம்புக்கு மேல் மொட்டையாக இருந்தால் அந்த இடத்திலேயே பிடுங்கி நெருப்பில் போடுவார். தப்பித்த செடியின் தகரத் தகட்டில் ஆணியால் ஓர் ஓட்டை அடிப்பார். மூன்று மழைக்கு மூன்று ஓட்டை. அந்த மூன்று ஓட்டைத் தகடு கட்டின செடியைத்தான் வீட்டுத் தோட்டத்துக்கென்று கண்ணை மூடிக்கொண்டு விற்கலாம். பட்டாளம் இருந்த தண்டு வட்டாரத்தில் தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் செடி வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

இப்போது தப்புக்கு வருகிறேன்.

முந்திய யுத்தம் முடிகிற சமயம், மழைக்காலத்தில், ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வந்தது. என் மகள் பிலோமினாவுக்கு நாலு வயது. தர்மாஸ்பத்திரி வரிசையில் காலியான புட்டியோடு நின்றேன். என் முறை வந்தபோது, "மருந்து தீந்துடுச்சுப்பா, நாளைக்கு வா" என்றார்கள். நாளைக்கு மருந்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. என் மனைவி லூர்து அந்தப் புட்டியை ரொம்ப நாள் தூக்கிப் போடவில்லை.

அடுத்த வருஷம் ஒரு பெட்டி ரோஜாக் குச்சி வந்தது. அதில் நாற்பத்தோராம் நம்பர் ஒரு வெள்ளை. நான்தான் ஒட்டினேன். நடுவில் லேசான ரோஸ் நிறம், எலுமிச்சை கலந்த மாதிரி ஒரு வாசனை. முதல் மழையை எப்படியோ தாண்டியது. இரண்டாவது மழையில் ஒரு காலை கேட்டைத் திறந்துகொண்டு போய்ப் பார்க்கிறேன், கீழ் இலையெல்லாம் கரும்புள்ளி. நாலு நாளில் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. அது சாகப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தடி தூரத்தில் கொட்டகை, கொட்டகையில் அலமாரி, அலமாரியில் கந்தகத் தூள். கையைக் கட்டிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை ஐயா. முடியவே இல்லை.

புள்ளி இலைகளைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டேன். மிச்ச இலைகளின் அடிப்பக்கம் பார்த்துத் தூளைத் தூவினேன். காலையில் முதல் ஆள் நான்தான் என்பதால் யாரும் பார்க்கவில்லை. பெய்த மழை அடையாளத்தைக் கழுவிவிட்டது. அந்த மழை முழுக்க வாரம் இரண்டு தடவை செய்தேன். மூன்றாவது மழையிலும் செய்தேன். இரண்டாவது ஓட்டையைத் திருட்டுத்தனமாக வாங்கிக் கொடுத்தவன், மூன்றாவதில் மட்டும் யோக்கியனாக எப்படி இருப்பது?

"சூசை, வெள்ளையில மூணு மழை தாங்கினது நான் பாத்ததே இல்லய்யா!" என்று முதலியார் மூன்றாவது ஓட்டையை அடித்தபோது சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அந்த வெள்ளையை அதிகமாக வாங்கினவர் அந்தோணியம்மா. ஓசூர் ரோடு கல்லறைக்குப் பின்தெருவில் இருந்த விதவை. இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டுத் தோட்டத்தில் ரோஜா வளர்த்து, சாவு வீட்டுக்கும் கல்லறைக்கும் ரீத்து, அதாவது மலர் வளையம், கட்டிப் பிழைத்துவந்தார். ரீத்துக்கு வெள்ளைதான் வேண்டும். வெள்ளைக்குத்தான் நோய் சீக்கிரம் வரும். வருஷா வருஷம் மழையில் செடி செத்து அவதிப்பட்டவர், மூன்று ஓட்டைத் தகட்டைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பழைய செடிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, தோட்டம் முழுக்க நாற்பத்தோராம் நம்பரையே வைத்தார். கோடை முழுக்க நன்றாகப் பூத்தது. அதை நம்பி, நவம்பர் இரண்டாந்தேதி கல்லறைத் திருநாளுக்கு மூன்று மாதா கோயில்களில் ரீத்து ஆர்டர் பிடித்துவிட்டார்.

அக்டோபர் முதல் வாரம், காய்ந்த கொம்பு ஒன்றை முந்தானையில் சுற்றிக்கொண்டு நர்சரிக்கு வந்து நின்றார். கொம்பை நீட்டினார், அவ்வளவுதான்.

முதலியார் அப்போதே ஜட்கா பிடித்தார். நானும் கூடப் போனேன். தோட்டத்துக்குள் நுழைந்தோம். வரிசை வரிசையாக மொட்டைக் குச்சிகள். முதலியார் ஒன்று விடாமல் பார்த்தார். மண்ணில் விரலை விட்டு முகர்ந்தார். கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். எப்போது தண்ணீர் விடுகிறீர்கள், உதிர்ந்த இலையை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அந்தம்மா சொன்ன பதில் ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. அப்படியும் செடி செத்திருக்கிறதே! மனுஷர் குழம்பிப்போய், "தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சோ என்னமோம்மா" என்றார்.

அந்தோணியம்மா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "தண்ணி இல்லைங்க ஐயா, என் கைராசி. தாலி கட்டினவனும் போனான், இப்ப மூணு மழை தாங்கின செடியும் என் கையில வந்து போச்சு. பூ கட்டறவளுக்கு ராசியில்லன்னு தெரிஞ்சா கோயில்ல யாரு வாங்குவாங்க? பொண்ணுங்கள மடத்துல விட்டுட்டு, ஏதாவது பங்களாவுல ஆயா வேலைக்குப் போயிடலாம்னு இருக்கேன்" என்றார். வாசற்படியில் அந்த இரண்டு பெண்களும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கோழை! ஜட்கா அந்தத் தெருவைத் தாண்டினபிறகுதான் சொன்னேன். கேட்டை முதலில் திறந்தது, கந்தகம், இரண்டு மழை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். முதலியார் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து களை பிடுங்க ஜட்காவில் மண் இல்லை. வைக்கோல் மெத்தையிலிருந்து ஒவ்வொரு துரும்பாகப் பிடுங்கி வெளியே போட்டார். குதிரை அரை மைல் போயிருக்கும்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார் கடைசியில். "அங்க ஒரு பொம்பள தன் கைமேல பழி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. வண்டிக்காரரே, திருப்புங்க."

திரும்பிப் போய், அந்த மொட்டைச் செடிகளுக்கு நடுவில் நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முதலியார் பக்கத்தில் நின்றார். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை, ஒரு வார்த்தை தடுக்கவும் இல்லை.

"ஏம்ப்பா மருந்து அடிச்சே?" என்று கேட்டார் அந்தோணியம்மா.

பிலோமினாவைப் பற்றிச் சொன்னேன். காலிப் புட்டியைப் பற்றிச் சொன்னேன். "என் புள்ளைக்கு மருந்து தீந்துபோச்சும்மா. இந்தச் செடிக்கு அலமாரியில இருந்துச்சு" என்றேன்.

அவர் கேட்டார், "புள்ளைய எங்க வெச்சிருக்கீங்க?"

"இதே ஓசூர் ரோடுதாம்மா. தெக்குச் சுவரோரம், சின்னப் பிள்ளைங்க வரிசையில."

"ம்" என்றார். பிறகு குரல் மாறியது. "அதுக்காக உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. எனக்கு ரெண்டாந்தேதிக்கு வெள்ளப் பூ வேணும். அதுக்கு வழி சொல்லு." இப்படி என்னிடம் சொன்னவர் வாசற்படியைப் பார்த்துத் திரும்பி, "ஏண்டி, கேட்டீங்களா? அம்மா கையில ஒண்ணும் இல்லையாம்டி!" என்றார். சொல்லும்போதே உடைந்துபோய் அழுதார். பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள்.

"பூ நான் தரேம்மா" என்றார் முதலியார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் நர்சரியில் அந்தச் சமயம் வெள்ளைப் பூ இருந்தது ஒரே இடத்தில்தான். நவம்பர் நடுவில் நடக்கிற புஷ்பக் காட்சிக்காக, குழந்தை மாதிரி பொத்திப் பொத்தி வளர்த்த தொட்டிகள். மூன்று வருஷமாக முதலியார் அந்தக் கோப்பைக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் கத்தரியை என் கையில் கொடுத்தார். "நீயே வெட்டு. நீளக் காம்பா வெட்டு, ரீத்துக்கு அதான் தோது" என்றார். வெட்டி முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்று ஈரத் துணியில் சுற்றிக்கொடுத்தார். அந்த வருஷம் காட்சியில் எங்கள் மேஜை காலியாக இருந்தது.

கல்லறைத் திருநாளைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தோராம் நம்பர் வாங்கின வீட்டுக்கெல்லாம் நானே நடந்து போய், நானே என் வாயால் சொல்லி, செடியைத் திருப்பி வாங்கி, பதிலுக்கு எட்வர்டோ பன்னீரோ வைத்துக் கொடுத்தேன். பிரேசர் டவுனில் ஒருவர் கதவை முகத்தில் அறைந்தார். அலசூரில் ஒரு பாட்டையா விழுந்து விழுந்து சிரித்து, காப்பி கொடுத்து அனுப்பினார். அந்தோணியம்மா தோட்டத்தில், வெள்ளை வேண்டுமென்றால் பூ சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்று, உண்மையாகவே மூன்று மழை தாங்கின கொத்துப்பூ வெள்ளை ஒன்றை நட்டோம். அதை வைத்துத்தான் அவர் இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தார்.

என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்றுதான் மூட்டை கட்டி வைத்திருந்தேன். முதலியார் கூப்பிட்டார். மருந்து அலமாரிச் சாவியை மேஜையில் வைத்தார். "மூணு மழைப் பாத்தி இனிமே உன் பொறுப்பு. சாவியும் உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "ஐயா, சாவி வேணாங்க" என்று கெஞ்சினேன். "சாவி இல்லாதவன் சும்மா இருக்கறது பெரிய விஷயமா?" என்று கேட்டுவிட்டு, எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து ஓய்வு பெறுகிறவரை அந்தச் சாவி என் இடுப்பில் இருந்தது. எத்தனையோ நல்ல செடி என் கண் முன்னால் செத்தது. ஒவ்வொன்றுக்கும் வலித்தது. ஆனால் பெங்களூரில் எந்த வீட்டிலாவது என் காலத்துத் தகடு கட்டின ரோஜா இருந்தால், மருந்தில்லாத இந்த நாளிலும் அது நிற்கும். அப்படி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், போய்ச் சேர்ந்துவிட்ட அந்த மனுஷரை நினைத்துக் கும்பிடுகிறேன். என்னை நம்பினவர்கள் உண்டு. நான் ஏமாற்றின பிறகு நம்பினவர் அவர் ஒருவர்தான்.

சரி, கல்லறைத் திருநாள். நோய்ச் செடிகளைப் பிடுங்கி எரிக்கப் போனபோது, "நாலு செடிய மட்டும் ரெண்டாந்தேதி வரைக்கும் விட்டு வை" என்று அந்தோணியம்மா சொல்லியிருந்தார். ஏன் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நாலு செடியை விட்டுவிட்டு வந்தேன்.

அன்று பிற்பகல் லூர்துவும் நானும் ஓசூர் ரோடுக்குப் போனோம். கல்லறை வாசலில் ஜே ஜே என்று கூட்டம். அந்தோணியம்மாவும் பெண்களும் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கூடை அநேகமாகக் காலி. மூன்று கோயிலுக்கும் கொடுத்தது போக, மிச்சம் இரண்டு மூன்று ரீத்துத்தான் இருந்தன. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. கிட்டே போய், "சின்னதா ஒண்ணு குடுங்கம்மா, பிள்ளைக்கு" என்று கையை நீட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு விக்கறதா இல்ல. போ" என்றார்.

"யாருங்க அந்தம்மா? இப்படி எரிஞ்சு விழறாங்க?" என்றாள் லூர்து. அவளுக்கு நான் இது எதையுமே சொல்லியிருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, வெறுங்கையோடு உள்ளே நடந்தேன். இந்தப் பேச்சை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தெற்குச் சுவரோரம், பெயர் எழுதின சிலுவைக்குக் கீழே, பிலோமினாவின் மேட்டில் ஏற்கெனவே ஒரு ரீத்து இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். சுற்றிலும் சவுக்குத் தழை. ரோஜா இலை ஒன்றுகூட இல்லை. அந்தச் செடியில் இலைக்கு எங்கே போவது? நடுவில் பூக்கள், சோனியாக, உள்ளங்கையில் பாதிகூட இல்லாத வெள்ளை, உள்ளே லேசான ரோஸ் நிறம். குனியாமலே வாசனை வந்தது. எலுமிச்சை கலந்த வாசனை. மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

லூர்து பக்கத்தில் உட்கார்ந்து முகர்ந்து பார்த்தாள். "எந்த மகராசி வெச்சாங்களோ! எவ்ளோ நல்லாருக்குங்க இந்தப் பூ. உங்க நர்சரியில இருக்கா இது?"

"இருந்துச்சு. எல்லாத்தையும் எரிச்சுட்டோம்."

"ஐயோ, ஏன்?"

"மழை தாங்காது அது."

"இவளுந்தான் தாங்கல" என்று சொல்லி, லூர்து அந்த ரீத்தைப் பிள்ளையின் தலைமாட்டுப் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.